2002 ஜிப்ஸி, ஏலத்தோட்டத்து ரோடு, ரெண்டு மழைக்காலம்: என் வண்டி ரிவ்யூ

ரெண்டு மழைக்காலம் முழுசா ஓட்டி முடிச்சுட்டுத்தான் இத எழுதணும்னு இருந்தேன். பழைய போர் வீல் (நாலு வீலும் இழுக்குற) வண்டி வாங்கி மலைக்குத் தயார் பண்றதப் பத்தி எங்கிட்ட நெறைய பேரு கேக்குறாங்க, எல்லாருமே மொதல்ல கேக்குறது "வண்டி பாடிய எவ்வளவு ஒசரம் ஏத்துனீங்க"ன்னுதான். கேக்க வேண்டியது அது இல்லங்குறது எனக்கும் லேட்டாத்தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள நெறைய காசு போயிருச்சு.

நம்ம ஊரு போடி. மாமாவுக்கு சாந்தன்பாறை பக்கம் மூணு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம், அவருக்கு முட்டி வலி வந்ததுலருந்து நாந்தான் பாக்குறேன். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை தாண்டி, தார் ரோடு முடியுற எடத்துலருந்து தோட்டத்து ஸ்டோருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும், அந்த நாலு கிலோமீட்டர்தான் விசயமே. உருட்டுக்கல்லு, செம்மண்ணு, ரெண்டு எடத்துல ஓடை குறுக்க வரும், ஜூன் மாசம் மழை புடிச்சுட்டா நடந்து போறவனுக்கே வழுக்கும். இத்தன வருசமா வாடகை ஜீப்புலதான் போயிட்டு வந்தோம், காய் எடுப்பு நேரத்துல ஜீப்பு கெடைக்காது, கெடச்சாலும் ஆள ஏத்திக்கிட்டு நம்ம மூட்டைய வச்சுட்டுப் போயிருவாங்க. சொந்தமா ஒண்ணு வேணும், கையில பெருசா பணம் இல்ல. புது மகேந்திரா தார், மாருதி ஜிம்னி எல்லாம் அப்ப பத்து லட்சத்துக்கு மேல இருந்துச்சு, அத நெனச்சே பாக்கல.

எங்க பக்கம் எல்லாரும் டீசல் ஜீப்புதான், மகேந்திரா கமாண்டரு, மேஜரு. நானும் மொதல்ல அதத்தான் தேடுனேன். அப்பதான் மதுரைல ஒரு மாருதி ஜிப்ஸி கெடச்சுது, 2002 மாடல், 1.3 லிட்டர் எம்பிஎப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோல பீச்சி விடுற இஞ்சின்), சாப்ட் டாப்பு (துணிக் கூரை), 2 லட்சத்து 40 ஆயிரம். ஓனரு தாத்தா ஒருத்தரு, ஆர்சி ரினிவல் பண்ணி கரெக்டா வச்சிருந்தாரு. அந்த ஆர்சிக்காகவே வாங்கலாம்னு தோணுச்சு, ஏன்னா டெல்லி பக்கம் 15 வருசம் தாண்டுன பெட்ரோல் வண்டி ஓட்டக்கூடாதுன்னு ஆனதுலருந்து அங்கிருந்து வண்டிங்க கம்மி வெலைக்குத் தெக்க வருது, ஆர்மி ஏலத்து வண்டியும் வருது, ஆனா என்ஓசி, இங்க திரும்ப டாக்ஸ், ரிலீஸ் பேப்பருன்னு அலையுறதுலயே பாதிப்பேருக்கு உசுரு போயிருது. வண்டி எவ்வளவு சீப்பா இருந்தாலும் பேப்பர் சுத்தமா இல்லன்னா அது உங்க வண்டி இல்ல.

ஜிப்ஸி தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிர்றேன். 1985 கடைசில மாருதி எறக்குனது, சுசுகியோட எஸ்ஜே வண்டியவே கொஞ்சம் நீளமா பண்ணது. மொதல்ல வந்த 410 மாடல்ல 970 சிசி இஞ்சின், நாலு கியரு. 96ல 1.3 லிட்டரும் அஞ்சு கியரும் போட்டு கிங்குன்னு வந்துச்சு, அதுதான் 413, 2000ல எம்பிஎப்ஐ வந்து 80 குதிரைசக்தி ஆச்சு. 2019 வாக்குல பொதுசனத்துக்கு விக்குறத நிறுத்திட்டாங்க. ஏசி கெடையாது, பவர் ஸ்டீயரிங் கெடையாது, நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கு, தனி சேசிஸ். எஸ்டீம் காருல இருந்த இஞ்சின் குடும்பம்தான் இதுலயும், அதனால இஞ்சின் சாமான் எதுவும் கெடைக்காம நின்னதே இல்ல. மொத்த எடையே ஆயிரம் கிலோதான், சுத்துமுத்து. இத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

வாங்குன சூட்டுல நான் பண்ண தப்பு ஒசரம். நம்ம ஊருப்பக்கம் இல்ல, வெளியூர்ல ஒரு மாடிபிகேசன் கடை, போட்டோவெல்லாம் பாத்து மயங்கிப் போயிக் குடுத்தேன். ஜிப்ஸில பட்டை அச்சுக்குக் கீழ இருக்கும், அத எடுத்து அச்சுக்கு மேல மாத்திட்டா வண்டி ஒரேயடியா அஞ்சு இஞ்சு கிட்ட எந்திரிச்சு நிக்கும், உலகம் பூரா சுசுகிக்காரங்க பண்றதுதான். முறையாப் பண்ணா நல்ல வேலைதான், ஆனா அந்தக் கடைல பட்டைய மேல தூக்கி வெல்டு அடிச்சாங்க, அதோட சரி. ஸ்டீயரிங் ராடு கோணம் மாறுமே, அதுக்கு வளைச்ச ராடு போடணுமேன்னு பாக்கல. பிரேக் ஹோசு நீளம் போதல, வீலு கீழ தொங்குறப்ப ஹோசு விண்ணுன்னு இழுத்துக்கிட்டு நிக்குது. புரபல்லர் சாப்டு கோணம் அதிகமாகி ரெண்டே மாசத்துல யூஜே கிராஸ் (அந்த சாப்டோட மூட்டு) போச்சு. போடிமெட்டு எறங்கையில ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனா ஸ்டீயரிங்கு தானா வலது பக்கம் இழுக்கும், எதுத்தாப்புல பஸ்ஸு வரும், பக்கத்துல பொண்டாட்டி உக்காந்திருப்பா. அன்னைக்கு ராத்திரி முடிவு பண்ணேன் இத இப்படியே ஓட்டக்கூடாதுன்னு.

போடில எங்க ஜீப்புக்கெல்லாம் வேல பாக்குற மேஸ்திரி ஒருத்தர் இருக்காரு, அறுவது வயசு தாண்டியிருக்கும், அவருகிட்ட கொண்டுபோய் நிப்பாட்டுனேன். வண்டிக்கு அடில படுத்துப் பாத்துட்டு எந்திரிச்சாரு. "தம்பி, நீங்க பாறையில இடிக்குறது பாடியா, கிரவுனா?"ன்னு கேட்டாரு. கிரவுன்னா அச்சு நடுவுல, ரெண்டு வீலுக்கும் சக்தியப் பிரிச்சுக் குடுக்குற பல்லுச் சக்கரக் கூடு. கிரவுன்தாண்ணேன்னேன். "அப்ப பாடியத் தூக்கி என்ன செய்ய? கிரவுன் அங்கனயேதான இருக்கு"ன்னாரு.

அவ்வளவுதான் விசயம். பட்டைல என்ன வித்த காட்டுனாலும் பாடியும் சேசிஸும்தான் மேல போகும், அச்சு நடுவுல தொங்குற கிரவுன் கூடு தரையிலருந்து அதே ஒசரத்துலதான் இருக்கும். அத ஒசத்துறது டயரு ஒண்ணுதான். கம்பெனி டயரு 205/70 ஆர்15, அதுக்குப் பதிலா 215/75 ஆர்15 போட்டா மொத்த ஒசரம் 35 மில்லி கூடும், அச்சு அதுல பாதி, 17-18 மில்லி ஏறும். கேக்க சின்னதாத் தெரியும், ஆனா நம்ம தடத்துல வழக்கமா இடிச்ச ரெண்டு பாறையில ஒண்ணு இப்ப இடிக்குறதே இல்ல. ஒசரம் ஏத்துனா இன்னொரு கெடுதல் இருக்கு. ஜிப்ஸி அகலம் கம்மி, 1540 மில்லிதான், அஞ்சு இஞ்சு மேல தூக்கிட்டு சரிவுல குறுக்கால போனா வயித்துல புளியக் கரைக்கும்.

அதனால எல்லாத்தையும் பிரிச்சு பட்டைய பழையபடி அச்சுக்குக் கீழயே கொண்டாந்தோம். பழைய பட்டை எல்லாம் தேஞ்சு நேராப் போயிருந்துச்சு, மதுரைல பட்டை கடைல புதுக் கட்டு வளைச்சு வாங்கினோம், கொஞ்சம் மெல்லிசான பட்டை, வளைவு கூட, அதுல ஒண்ணரை இஞ்சு ஒசரம் தானா வந்துச்சு. நீள சாக்கிள் (பட்டை நுனிய சேசிஸோட சேக்குற துண்டு) போட்டா இன்னும் ஈஸின்னு சொல்லுவாங்க, முன்னாடி அதப் போடாதீங்க. ஜிப்ஸில முன் பட்டையோட சாக்கிள் முன்பக்கம் இருக்கு, அத நீளமாக்குனா அச்சு முன்னாடி சாஞ்சு காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங்க நேரா நிக்க வைக்குற சாய்வு) கொறஞ்சுரும், அப்புறம் தார் ரோட்டுல வண்டி நேராப் போகாது, அலைஞ்சுக்கிட்டே இருக்கும்.

இதுக்கப்புறம் அவரு பண்ண வேலை எதுவும் போட்டோல தெரியாது, ஆனா வண்டி வண்டியானது அதுலதான். கிங்பின் பேரிங் (முன் வீலு திரும்புற எடத்துல இருக்குறது) நாலும் மாத்துனோம், 60 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டீயரிங் கடகடன்னு ஆடுனது அன்னையோட நின்னுச்சு. ஜிப்ஸில டிரான்ஸ்பர் கேஸு (சக்திய முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்குற பெட்டி, ஹை, லோ கியரு இதுலதான்) கியர்பாக்ஸோட ஒட்டி இருக்காது, தனியா சேசிஸுல மூணு ரப்பர் மவுண்டுல தொங்கும், நடுவுல ஒரு குட்டி சாப்டு. அந்த ரப்பர் கிழிஞ்சிருந்தா லோ கியருல ஆக்சிலேட்டர் விடும்போதெல்லாம் டங்கு டங்குன்னு அடிக்கும், நாங்கூட கிரவுன் போச்சுன்னே நெனச்சு பயந்துட்டேன், வெறும் ரப்பர்தான். பட்டை புஷ் எல்லாம் புதுசு, வீல் பேரிங் புதுசு, பிரேக் பைப்பு மொத்தமும் புதுசு, ஹோசு நீளமா வச்சுப் போட்டோம். கிரவுன் ரெண்டுக்கும் காத்துப்போக்கு ஓட்டை உண்டு, அதுல ஹோசு மாட்டி மேல பானட் வரைக்கும் கொண்டுவந்தோம், ஓடைல எறங்குறப்ப சூடான கிரவுன் டக்குன்னு குளுந்து தண்ணிய உள்ள இழுத்துரும், ஆயிலு பால் டீ மாதிரி ஆயிரும், அதுக்காக. செலவு முன்னூறு ரூவா கூட இருக்காது, ஆனா ஸ்நார்கல் (தண்ணில போறப்ப இஞ்சினுக்குக் காத்து எடுக்குற ஒசரமான குழாய்) மாட்டுறவங்க பல பேரு இத மறந்துர்றாங்க.

துரு பத்தித் தனியா சொல்லணும். ஜிப்ஸி வாங்குறவங்க இஞ்சின் சத்தத்தக் கேட்டுட்டு அட்வான்ஸ் குடுக்குறாங்க, இஞ்சின் எப்பவேணா சரி பண்ணிக்கலாம். பாடி மவுண்ட் ஒக்காருற எடம், கால் வைக்குற தட்டு, கண்ணாடி பிரேமுக்கு அடில, பின் வீலு ஆர்ச்சு உள்பக்கம், பின் பட்டை சேசிஸுல மாட்டுற எடம், இதெல்லாம் ஸ்குரூ டிரைவர் வச்சுக் குத்திப் பாருங்க. என் வண்டில டிரைவர் பக்கத் தட்டுல மேட்ட எடுத்தா ரோடே தெரிஞ்சுச்சு. டிங்கரிங்கு, பேட்ச் ஒர்க்கு, அடில கோட்டிங்கு எல்லாம் சேத்து 48 ஆயிரம் ஆச்சு, அந்த மொதக் கடைக்குப் போனத விட்டா நான் பண்ணதுலயே அதுதான் பெரிய செலவு.

டயரு: மட் டெரைன் (சேத்துக்குன்னே வர்றது) 215/75 ஆர்15, அஞ்சு டயரு. செம்மண்ணுச் சேத்துல டயரு பாத்தி (கட்டைகளுக்கு நடுவுல இருக்குற பள்ளம்) பெருசா இருக்குறதால மண்ண ஒதறிட்டு ஓடும், பழைய ரோடு டயருல ரெண்டு சுத்துக்குள்ள வழுவழுன்னு பூசிக்கும். ஆனா ஈரத் தார் ரோட்டுல பிரேக் தள்ளித்தான் புடிக்குது, போடிமெட்டு எறக்கத்துல மழைன்னா நான் ரெண்டாவது கியர விட்டு மாறுறதே இல்ல. 60க்கு மேல ஊய்ங்குன்னு சத்தம் வரும். எங்க மலைல ஜீப்புக்காரங்க சேத்துல டயர சுத்தி இரும்புச் சங்கிலி கட்டிக்கிட்டுப் போவாங்க, அதுக்கு ஈடு எந்த மட் டயரும் கெடையாதுன்னு நேர்லயே பாத்துட்டேன், ஜூலைல ஒருநாள் நான் மாட்டி நின்ன எடத்துல சங்கிலி கட்டுன ஒரு ஜீப்பு பதினாறு பேர ஏத்திக்கிட்டு நிக்காமப் போச்சு. இப்ப நானும் ஒரு ஜோடி வச்சிருக்கேன். காத்து விசயம் இதவிட முக்கியம். தார் முடியுற எடத்துல எறங்கி டயருக் காத்த 16-18 பிஎஸ்ஐக்கு எறக்கிருவேன், டயரு தரையில பரவி ஒக்காரும், கல்லுமேல ஏறுறப்ப தூக்கித் தூக்கி அடிக்காது. திரும்பி வந்து 12 வோல்ட் கம்ப்ரசர்ல ஏத்திக்குவேன், நாலு டயருக்கு கால் மணி நேரம். இத்தன வேலையிலயும் காசே இல்லாம அதிகப் பலன் குடுத்தது காத்த எறக்குறதுதான்.

பின் கிரவுனுக்கு லாக்கரு, அதாவது பின் வீலு ரெண்டையும் சேத்துப் பூட்டுற சாமான். இதுக்கு 38 ஆயிரம், போட்டதும் சேத்து. ஜிப்ஸில முன்னும் பின்னும் சாதா டிபரன்சியல்தான் (கிரவுன் கூட்டுக்குள்ள இருக்குற பல்லுச் சக்கரம்), அதாவது போர் வீலுன்னு பேரு இருந்தாலும், முன்னாடி ஒரு வீலும் பின்னாடி எதிர்ப்பக்கம் ஒரு வீலும் அந்தரத்துல தூக்கிருச்சுன்னா அந்த ரெண்டு வீலு மட்டும் சும்மா சுத்தும், தரையில இருக்குற ரெண்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கும். எங்க தடத்துல ரெண்டாவது ஓடை ஏறுற எடத்துல சரியா இதுதான் நடக்கும். நான் போட்டது உள்ள இருக்குற ஸ்பைடர் கியர எடுத்துட்டு அந்த எடத்துலயே பல்லு வச்ச ரெண்டு துண்டு ஒக்கார வைக்குற டைப்பு, காத்து பைப்பு, சுவிச்சு எதுவும் வேண்டாம், நேராப் போறப்ப ரெண்டு வீலையும் பூட்டிருக்கும், வளைவுல வெளி வீலு வேகமா சுத்துனா அந்தப் பக்கம் மட்டும் பல்லு விட்டுக் குடுக்கும். அந்த ஓடை மேட்ட முன்னாடி வேகம் எடுத்து மூணு தடவ மோதி ஏறுவேன், இப்ப லோ ஒண்ணுல ஆக்சிலேட்டர் தொட்டும் தொடாமயும் நடந்து ஏறிருது, தடமும் கெடல, வண்டியும் அடி வாங்கல. கொறையும் உண்டு. கொண்டை ஊசி வளைவுல டிக் டிக்குன்னு சத்தம் வரும், மொத மாசம் என்னமோ ஒடையுதுன்னே தோணும், ஈரத் தார்ல வளைவுல ஆக்சிலேட்டர் அமுக்குனா பின்பக்கம் தள்ளும். தெரியாதவங்க கையில சாவி குடுக்குறதில்ல. செலவ மிச்சம் பண்றோம்னு சில எடத்துல டிபரன்சியல வெல்டு அடிச்சே பூட்டுறாங்க, போட்டிக்கு மட்டும் ஓடுற வண்டின்னா சரி, மலை ரோட்டுல குடும்பத்தோட போற வண்டிக்கு அது ஆகாது, வளைவுல ஆக்சில் முறுக்கிக்கிட்டே இருக்கும்.

இஞ்சின் பத்தி ஒரு வருத்தம் இருக்கு. 103 நியூட்டன் மீட்டர் டார்க்கு, அதுவும் 4500 ஆர்பிஎம்லதான் முழுசா வரும், கீழ ஒண்ணுமே இல்ல. டீசல் ஜீப்பு ஐடில்லயே மலை ஏறும், நம்ம வண்டி மூச்சு வாங்கும், டயரு பெருசானதும் இன்னும் கொஞ்சம் கூடிருச்சு. இதுக்கு இஞ்சின மாத்தணும்னு இல்ல, கியரக் கொறச்சாப் போதும். 413 டிரான்ஸ்பர் கேஸுல லோ 2.27தான், பழைய 410ல 2.5, ஹையும் 1.41க்கு 1.58. அதனால 410ஓட டிரான்ஸ்பர் கேஸ 1.3 வண்டிக்குப் போட்டா பெரிய டயரால எழந்தது திரும்பி வந்துரும், எறக்கத்துலயும் பிரேக் தொடாம ஊர்ந்து வரும். தார் ரோட்டுல மட்டும் இஞ்சின் கொஞ்சம் கத்தும், நமக்கு 70க்கு மேல சோலி இல்ல. நல்ல கண்டிசன்ல ஒண்ணு கெடைக்குதான்னு எட்டு மாசமாத் தேடுறேன், வந்ததெல்லாம் பல்லு தேஞ்சது. இப்போதைக்கு லோ ஒண்ணுல கிளச்ச அரை குறையா வைக்காம பொறுமையா ஓட்டிக்கிட்டிருக்கேன்.

வின்ச்சு (மாட்டுன வண்டியக் கயிறு சுத்தி இழுக்குற மோட்டார்) போடல. வின்ச்சும் அதுக்குத் தகுந்த இரும்பு பம்பரும் சேந்தா 70-80 கிலோ மூக்குல ஏறும், ஆயிரம் கிலோ வண்டிக்கு அது பெருசு. அதுக்கு மேல, புல் பாரெல்லாம் (முன் பம்பர்ல மாட்டுற இரும்புக் கம்பி) 2017 கடைசிலயே தடை பண்ணிட்டாங்க, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி ஸ்பெசிபிகேசனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு. ஊரே பண்ணுதேன்னு பண்ணிட்டு, ஒரு ஆக்சிடெண்டுல இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சா குடும்பம் நடுரோட்டுல நிக்கும். எஞ்சின், சேசிஸ், பாடி எதையும் நான் கம்பெனி அமைப்புலருந்து மாத்தாததுக்கு அது ஒரு காரணம், டயர் சைஸுக்கும் எப்சிக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. மாட்டுனா இழுக்க கை வின்ச்சு ஒண்ணு, நல்ல கயிறு, ரெண்டு ஷேக்கிள், மண்வெட்டி. கூட மாமா கொடுத்த வெட்டரிவா, மழைல மரம் விழுந்து கெடக்கும்.

எடைக் கணக்க ஞாபகம் வச்சுக்கோங்கன்னேன்ல. போன ஆகஸ்ட்ல ரெண்டு நாளு விடாம மழை, ஸ்டோருல பச்சைக்காய் ஆறு மூட்டை எடுக்கணும், எடுக்கலன்னா கருத்துப் போயிரும். மொத ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு டீசல் ஜீப்பு அச்சு வரைக்கும் பொதஞ்சு நின்னுச்சு, டிரைவர் அண்ணன் நல்லா ஓட்டுறவரு, வண்டிதான் கனம், சேறு தாங்கல. அவரு பக்கத்துலயே ஓரமா புல்லு மேல லோ ரெண்டுல ஜிப்ஸிய எடுத்துக்கிட்டுப் போனேன், பொதையவே இல்ல, சேத்துக்கு மேல மெதந்த மாதிரி போச்சு. திரும்பி வரப்ப ரெண்டு வண்டிக்கும் கயிறு கட்டி, ஆறு பேரு தள்ளி, ஜீப்பையும் வெளிய எடுத்தோம். அந்த அண்ணன் வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "என்னப்பா, சாதாரணமாத்தான இருக்கு"ன்னாரு. எனக்கு அது போதும்.

மொத்தச் செலவு சொல்றேன்: வண்டி 2.40, அந்த மொதக் கடைக்குக் குடுத்து வீணானது 55 ஆயிரம், அதுக்கப்புறம் பட்டை, பேரிங், பிரேக்கு, டிங்கரிங், டயரு, லாக்கரு எல்லாம் 1 லட்சத்து 95 ஆயிரம். மைலேஜ் மலைல 9, லோ கியர் ஓட்டம் அதிகமான நாள்ல 6. முதுகு வலி இருக்குறவங்க, ஐவேல தெனம் நூறு கிலோமீட்டர் ஓடுறவங்க வாங்காதீங்க, பட்டை மெல்லிசாப் போட்டும் குலுக்கல் குலுக்கல்தான். பின் சீட்டு பக்கவாட்டு பெஞ்சு, அதுல சின்னப் புள்ளைங்கள உக்கார வைக்குறதில்ல நான். மழைல சாப்ட் டாப்பு ஜிப்பு ஓரமா ஒழுகும், இன்னும் சரி பண்ண முடியல.

தோட்டம், மலை, காட்டுத்தடம்னு நெசமான வேலை இருக்குறவங்க, நாலரை லட்சத்துக்குள்ள வேணும்னா தயங்காம பாருங்க. மொதல்ல பேப்பரு, அப்புறம் துரு, அதுக்கப்புறம் பேரிங்கும் பிரேக்கும், காசு மீந்தா டயரு, இன்னும் மீந்தா லாக்கரு. நல்ல 410 டிரான்ஸ்பர் கேஸு தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கம் யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க, ஜூன் மழைக்கு முன்னாடி மாட்டிரணும்.